நடக்கிறவனுக்கு ஊற்றிய மோர்

வேலையை விட்டு மூன்று மாதம் வீட்டிலேயே கிடந்தேன். ஒரு தை மாதக் காலையில் மனைவியோடு பெரிய சண்டை. கட்டியிருந்த பச்சைக் கைலியோடு பசுமலையிலிருந்து நடக்க ஆரம்பித்துவிட்டேன். எங்கே போகிறேன் என்று எனக்கே தெரியாது. நின்றால் சண்டை ஞாபகம் வந்தது, அதனால் நிற்கவில்லை.

வழியில் செருப்பு அறுந்தது. தூக்கி எறிந்தேன். சமயநல்லூர் தாண்டும்போது வெயில் ஏறிவிட்டது. பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்களுக்கு ஒரு அம்மா சாலையோரம் மோர் ஊற்றிக்கொண்டிருந்தார். பச்சைத் துணியையும் வெறுங்காலையும் பார்த்து என்னையும் அவர்களில் ஒருவன் என்று நினைத்துவிட்டார்.

"வாங்க சாமி, எம்புட்டு வேணும்னாலும் குடிங்க."

மூன்று டம்ளர் குடித்தேன். நான்காவதை நீட்டியபடியே சொன்னார்.

"எம் மக செல்விய இன்னைக்குத்தான் பிரசவத்துக்குச் சேத்திருக்கு. முன்னாடி ரெண்டும் தங்கல. மலை ஏறுனதும் அவ பேரச் சொல்லிக் கும்பிடுங்க சாமி."

நான் பழனிக்குப் போகவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. "சரிம்மா" என்றேன். அவர் குனிந்து, புழுதி படிந்த என் காலைத் தொட்டுக் கும்பிட்டார்.

அடுத்த ஸ்டாப்பிலேயே பஸ் ஏறி வீடு திரும்பிவிட்டேன்.

அந்த வாரமே பழனிக்குப் போய் செல்வி பேரைச் சொல்லிக் கும்பிட்டேன். போனது பஸ்ஸில். இன்றும் தை பிறந்து பச்சை வேட்டிகள் சாலையில் போகத் தொடங்கினால் என்னால் ஓரிடத்தில் உட்கார முடிவதில்லை. அந்த அம்மா மோர் ஊற்றியது நடந்து போகிறவனுக்கு.