நளீரின் தொலைபேசியில் இருந்த ஒன்பது பேர்

பிலிமத்தலாவைச் சந்தியிலிருந்து கண்டிப் பக்கமாக நடந்தால் நான்காவது கடை நளீருடையது. போட்டோ கொப்பி எடுப்பது, விண்ணப்பம் நிரப்புவது, கடிதம் தட்டச்சுச் செய்வது ஆகியவை அங்கே நடக்கும் வேலைகள். தொலைபேசி அழைப்பு எடுக்க ஆட்கள் வருவது நின்று பல ஆண்டுகளாகியும் பெயர்ப்பலகையில் 'கொமியுனிகேஷன்' என்றே இருக்கிறது. அவருக்கு வயது ஐம்பத்திரண்டு. ஒருவர் கொடுத்த தாளைக் கசங்காமல் திருப்பித் தருவார். ஒருவர் கணக்கை மற்றவரிடம் பேசமாட்டார். ஆகவே, இப்பகுதியில் வெளிவாரிப் பட்டப்படிப்பைத் தொடர்வோரிற் பலர் தங்கள் பல்கலைக்கழகக் கணக்குகளை அவரிடமே ஒப்படைத்திருந்தார்கள்.

சென்ற ஆண்டு பல்கலைக்கழகம் ஒரு புதிய விதியை அறிவித்தது. கணக்கிற்குள் நுழையக் கடவுச்சொல் மட்டும் போதாது. கையடக்கத் தொலைபேசியில் ஒரு செயலியை நிறுவி, அது முப்பது விநாடிக்கொரு முறை மாற்றிக் காட்டும் ஆறு இலக்கங்களையும் கொடுக்க வேண்டும். அறிவித்தல் ஆங்கிலத்தில் நான்கு பக்கம். அதைத் தூக்கிக்கொண்டு முதலில் வந்தவர், நளீரை அண்ணன் முறையில் 'நானா' என்றழைக்கும் முன்பள்ளி ஆசிரியை ஹிதாயா.

"நானா, இது எனக்குச் சரி வராது. ஒங்கட போன்லயே போட்டுக்கோங்க."

அவரைப் பார்த்து இன்னும் எட்டுப் பேர் அப்படியே சொன்னார்கள். நளீர் அதைச் சுமையாக எண்ணவில்லை. ஒன்பது கணக்குகளையும் தம் தொலைபேசியில் பதிந்துகொண்டார். இலக்கம் வேண்டியவர் அழைப்பார், இவர் வாசிப்பார். ஒரு கலியாண வலீமா விருந்தில் ஆறு பேர் ஒரே சஹன் தட்டைச் சுற்றி அமர்ந்திருக்கையில், வலக்கையில் சோறும் இடக்கையில் தொலைபேசியுமாக, "நாலு, ஒன்பது, சைபர்... கெதியா அடிங்க, இன்னும் எட்டு செக்கன்தான்" என்று அவர் சொல்லிக்கொண்டிருந்ததை நான் நேரிற் கண்டேன்.

"நீங்க நம்பர் சொல்லி முடிக்கிற நேரம் எறச்சி முடிஞ்சிரும்" என்றார், அதே சஹனில் உண்டுகொண்டிருந்த றவூப்.

இவ்வாண்டு பெப்ரவரியில் அந்தத் தொலைபேசியின் கண்ணாடி வெடித்தது. கண்டி நகரில் ஒரு கடையில் திருத்தக் கொடுத்தார். அவர்கள் கண்ணாடியை மாற்றியதோடு உள்ளே இருந்த அனைத்தையும் அழித்துப் புதிதாக்கிக் கொடுத்தார்கள். படங்களும் பெயர்களும் மீண்டும் வந்து சேர்ந்தமையால் நளீர் வேறெதையும் சோதிக்கவில்லை.

அடுத்த வியாழக்கிழமை பிற்பகல் ஹிதாயா கடைக்கு வந்தார். "அட்மிஷன் வந்தீக்கி நானா. நாளைக்கி நாலு மணிக்கு முந்தி எறக்கணுமாம்."

அது அவருடைய இறுதியாண்டு. மீதமிருந்தவை இரண்டு பாடங்கள். அனுமதி அட்டை இல்லாமல் பரீட்சை மண்டபத்திற்குள் விடமாட்டார்கள்; தவறினால் இன்னும் ஓர் ஆண்டு காத்திருக்க வேண்டும். நளீர் செயலியைத் திறந்தார். திரை வெறுமையாக இருந்தது.

"என்ன நானா, நம்பர் வருதா?"

"தங்கச்சி, போன் திருத்தக் குடுத்த எடத்துல எல்லாம் அழிஞ்சீக்கி. ஒங்கட நம்பரும் போய்ட்டு."

ஹிதாயா ஏசவில்லை. கதிரையில் அமர்ந்து கைப்பையை மடியில் வைத்துக்கொண்டார். அது நளீரை அதிகம் வருத்தியது. பல்கலைக்கழகத்தின் கணினிப் பிரிவை அழைத்து விசாரித்தார். கணக்கின் உரிமையாளர் அடையாள அட்டையுடன் நேரில் வர வேண்டும் என்றார்கள். மற்ற எட்டுப் பேரின் பரீட்சைகளுக்கு இன்னும் நாளிருந்தது.

வெள்ளிக்கிழமை காலை கடையைப் பூட்டிவிட்டு, மனைவி பஸீஹாவையும் அழைத்துக்கொண்டு ஹிதாயாவுடன் பஸ் ஏறினார். பஸீஹா வழியெல்லாம் சும்மா வரவில்லை. "ஊராக்கள்ட சாவியெல்லாம் ஒரே பொக்கட்ல போட்டா இப்பிடித்தான். பொக்கட் ஓட்டையாகும்."

கணினிப் பிரிவில் இருந்த அலுவலர் நிலூஷா, நாவலப்பிட்டியைச் சேர்ந்தவர்.

"யாரோட அக்கவுன்ட்?"

"இவங்கட."

"அப்ப நீங்க யாருங்க அண்ணே?"

"நான்... கொமியுனிகேஷன்."

நளீர் ஒன்பது பேரின் விபரத்தையும் மறைக்காமற் சொன்னார். "அமானிதமா, நம்பிக் குடுத்த பொருளா வெச்சீந்தேன் மிஸ்."

"நல்ல மனசோடதான் வச்சிருக்கீங்க. ஆனா இது கைரேகை மாதிரிங்க. ஒருத்தரோடத இன்னொருத்தர் வச்சிக்க ஏலாது." நிலூஷா அடையாள அட்டையைப் பார்த்துப் பழைய பதிவை நீக்கினார். "இப்ப அவங்க போன்லயே போடட்டும். பாஸ்வேடையும் மாத்தச் சொல்லுங்க."

ஹிதாயாவின் தொலைபேசி செயலியை ஏற்கவில்லை. இடமில்லை; உள்ளே முழுவதும் முன்பள்ளிக் கலைவிழாக் காணொளிகள். நேரம் பதினொன்றரை. நளீர் கடிகாரத்தையும் வாசலையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஜும்ஆவுக்குப் போங்க. நாங்க பாக்குறோம்" என்றார் பஸீஹா.

அவர் போன பின்னர் நடந்ததைப் பஸீஹாவே எனக்குச் சொன்னார். இரு பெண்களும் வாங்கில் அமர்ந்து காணொளிகளைத் தெரிவு செய்தார்கள்.

"இந்த ஆமை டான்ஸ் ஏழு தரம் ஈக்கே?"

"ஒவ்வொண்டுலயும் ஒவ்வொரு புள்ள அழுவுது. உம்மாமார் கேப்பாங்க."

"அழுறத என்னத்துக்கு வெக்கிற? சிரிக்கிறத வெய்ங்க."

ஆறு ஆமைகள் அழிந்தன; செயலி அமர்ந்தது. ஹிதாயா முதல் தடவை இலக்கங்களை அடித்து முடிப்பதற்குள் அவை மாறிவிட்டன. இரண்டாம் தடவை ஓர் இலக்கம் பிசகியது. மூன்றாம் தடவை கணக்குத் திறந்தது; உடனே கடவுச்சொல்லையும் மாற்றிக்கொண்டார். ஆயினும் அட்டையை இறக்கத் தொலைபேசியில் இனி இடமில்லை.

தொழுகை முடிந்து நளீர் அரை ஓட்டமாகத் திரும்பியபோது, இருவரும் மரத்தடியில் சோற்றுப் பார்சலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அவருக்கும் ஒரு பார்சல் இருந்தது.

"என்னென்ன கேட்டிச்சி? எப்பிடிச் செஞ்சீங்க?"

"அது இப்ப ஞாபகமில்ல நானா. ஆனா சரி வந்திச்சி" என்றார் ஹிதாயா.

மூன்று மணிக்குச் சற்று முன்னர் கடையைத் திறந்தார்கள். நளீர் வழக்கம்போலக் கணினியின் முன் அமரப் போனார். ஹிதாயா அதற்குள் அமர்ந்துவிட்டார். பெயரை அடித்தவர் கையை நிறுத்தினார்.

"நானா, கொஞ்சம் அங்கால பாருங்களே."

நளீருக்கு விளங்கவில்லை. தம் கடையில் எவரும் அவரிடம் அப்படிச் சொன்னதில்லை.

"திரும்புங்களே, புது பாஸ்வேட் அடிக்கப் போறா" என்றார் பஸீஹா.

அவர் கதிரையை வீதிப்பக்கம் திருப்பி, கைகளைக் கட்டிக்கொண்டு அமர்ந்தார். தாமதமாக, ஒவ்வொன்றாக விசைகள் அழுத்தப்படும் ஓசை கேட்டது. சற்று நின்று, மீண்டும் ஆறு ஓசைகள். அவர் தம்மையறியாமல் அவற்றை எண்ணினார். பிறகு அச்சு இயந்திரம் தாளை இழுத்தது.

"இப்ப திரும்பலாமா?" என்று வீதியைப் பார்த்தபடியே கேட்டார்.

"இன்னொரு கொப்பி வருது நானா. ஈங்க" என்றார் ஹிதாயா.

நளீர் அப்படியே இருந்தார். அவர் சிரித்துக்கொண்டிருந்ததை எதிர்க்கடைக்காரர் மட்டும் கண்டார்.