ஓரிடம் தள்ளிப்போன பஃபர்

மில்லில் கம்ப்யூட்டருக்குப் புரோகிராம் எழுதுவது, எல்லோரும் கும்பிடு போடுகிற, ஒருவரும் நம்பாத வேலை. எழுபதுகளின் கடைசியில் திருப்பூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில் அந்த வேலையைப் பார்த்தேன். நீங்களும் மிஷினோடு மாரடித்தவர் என்றால் என் பாடு புரியும்.

புள்ளி

நூல் வழங்கும் சிலிப்பில், மில் பெயருக்குப் பின்னால் ஒரு புள்ளி வேண்டும் என்றார் மேனேஜர். வைத்தேன். மறுநாள் காலை, டிஸ்க்கிலிருந்து நூல் இருப்புக் கணக்கைப் படிக்கப் போன புரோகிராம் அப்படியே நின்றுவிட்டது. கம்ப்யூட்டர் சிலிப் இல்லாமல் ஒரு கோன் நூல்கூட வெளியே போகக் கூடாது என்பது மேனேஜர் உத்தரவு. குடோனைப் பூட்டிவிட்டார்கள்.

டிஸ்க் கெட்டுவிட்டதென்று கோயமுத்தூரிலிருந்து இன்ஜினியரை வரவழைத்தோம். பிரித்துத் துடைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “டிஸ்க் நல்லா இருக்குதுங்க. படிக்கத்தான் மாட்டேங்குது.”

ஜன்னல்

பனியன் கம்பெனி நடத்தும் பாய் ஒருவர் தினமும் வந்து குடோன் வாசலில் நின்றார். கையில் கல்கத்தா ஆர்டர். நூலில்லாமல் அவருடைய நிட்டிங் மிஷின்கள் நின்றுவிட்டன. ஆட்கள் வந்து வந்து திரும்பிப் போனார்கள். கையாலேயே சிலிப் எழுதிக் கொடுத்துவிடலாம் என்று மேனேஜரிடம் கெஞ்சினேன். முதலாளி ஆசையாக வாங்கிய மிஷினைக் கேலிக்கூத்தாக்க முடியாது என்று மறுத்துவிட்டார்.

பாய் கோபப்படவில்லை. ஜன்னல் கம்பி வழியே உள்ளே கை காட்டினார். “நூல் அதோ இருக்குதுங்க தம்பி. உங்க மிஷினுக்குக் கண்ணு தெரியலீன்னா, எனக்குத் தெரியுதுங்களே.”

இரட்டைப்படை

கடைசியில் பிடிபட்டது. டிஸ்க்கில் இருப்பது நேராக மெமரியில் வந்து இறங்கும். அது இறங்க ஒதுக்கிய இடம்தான் பஃபர். மெமரியில் ஓர் எழுத்துக்கு ஓரிடம், ஒவ்வோர் இடத்துக்கும் ஓர் எண்; எங்கள் மிஷினில் பஃபர் இரட்டைப்படை எண்ணுள்ள இடத்தில் தொடங்கியாக வேண்டும். மில் பெயருக்கு அடுத்தாற்போல் பஃபரை வைத்திருந்தேன். புதிதாக வந்த புள்ளி அதை ஓரிடம் தள்ளி, ஒற்றைப்படையில் நிறுத்திவிட்டது.

மேனேஜர் முழுவதும் கேட்டுவிட்டு நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். “ஏனுங்க தம்பி, இதை நான் போயி மொதலாளிகிட்ட எப்படீங்க சொல்றது?”

சிலிப்

பஃபரைச் சரியான இடத்தில் வைத்ததும் புரோகிராம் ஓடியது. முதல் சிலிப்பை நானே சைக்கிளில் பாயின் கம்பெனிக்கு எடுத்துப் போனேன். ஷெட்டில் சத்தமே இல்லை. ஆட்கள் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார்கள். கல்கத்தாக்காரர் ஆர்டரை ரத்து செய்து தந்தி அடித்துவிட்டார்.

பாய் சிலிப்பைப் பார்த்துவிட்டு, மடித்து என்னிடமே கொடுத்தார். “நூல் இனி வேண்டாங்க. வெயில்ல வந்திருக்கீங்க, டீ குடிச்சிட்டுப் போங்க.”

அதன் பிறகு எந்தப் புரோகிராம் சரியாக ஓடினாலும், யாருக்கு நேரம் கடந்துபோய்விட்டது என்றுதான் முதலில் விசாரிக்கத் தோன்றுகிறது.