குடி என்று சொன்ன நடுக்கம்

1. இலங்கையில் யட்டியாந்தோட்டைப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டும் என் அப்பாவின் வலது கை நடுங்கத் தொடங்கியது.
2. கத்தி பட்டையைத் தாண்டி மரத்தில் இறங்கியது.
3. கங்காணி எல்லார் முன்னாலும், "காலையிலேயே ஊத்திக்கிட்டு வந்தியா?" என்று கேட்டார்.
4. குடிக்காத அப்பா, வேலையும் தோட்டம் கொடுத்த லயத்து வரிசை வீடும் போய்விடும் என்று பயந்தபடியே இரண்டு வருடம் வெட்டினார். நடுக்கம் கூடியது.

நானும் அம்மாவும் அவரைக் கூட்டிப்போன நரம்பு டாக்டர் பார்க்கின்சன் என்றார். குடும்பத்தில் வேறு யாருக்காவது இருந்ததா என்று சிங்களத்தில் கேட்டார். ஆய்வுகூடத்தில் வேலை செய்யும் நான், இல்லை என்று உறுதியாகச் சொன்னேன்.

திரும்பும் பஸ்ஸில் அம்மா மெதுவாகச் சொன்னார்: "ஒங்கப்பா கூடப்பொறந்த ஒன் பெரியப்பாவுக்கும் இப்படித்தான் கை ஆடுச்சு. லயமே குடிகாரன்னு சொல்லிச் சிரிச்சிச்சு. நானுந்தான் சிரிச்சேன். குடிச்சே செத்தாருன்னுதானே ஒனக்கும் சொன்னேன்."

அடுத்த முறை டாக்டரிடம் திருத்திச் சொன்னேன். பரம்பரையாக வரும் பலவீனத்தோடு வருடக்கணக்கான மன அழுத்தமும் சேர்ந்தால் நோய் விரைவாக முற்றலாம் என்றார். அப்பாவுக்கு எது எவ்வளவு செய்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது என்றும் சொன்னார்.

அப்பா மாத்திரை சாப்பிடுகிறார்; பால் வெட்டுவதில்லை. தோட்டத்தில் இன்னும் அவரைக் குடிகாரர் என்றுதான் நினைக்கிறார்கள். நான் மரபணுச் சோதனை செய்துகொள்ளவில்லை.