அம்மாவிடம் யார் சொல்வது

என் அம்மாவின் நோயை முதலில் கண்டுபிடித்தது டாக்டர் இல்லை, தையல்காரி. பாளையம்பட்டியில் எங்கள் வீட்டுக்கு அடுத்த வீட்டில் மெஷின் போட்டுத் தைத்துக்கொண்டிருந்த ஸ்டெல்லா. ஊரிலிருந்து சந்தைக்கு வருகிற அம்மா அவளிடம் வெட்டுத்துணி கேட்க ஆரம்பித்திருந்தாள். ஜாக்கெட் வெட்டியதுபோக மிஞ்சுகிற துண்டுகள். பாலியஸ்டர் வேண்டாம், நூல்துணியாக, மெத்தென்று இருந்தால் கொடு என்பாளாம். முதலில் கரித்துணிக்கு என்று ஸ்டெல்லா நினைத்தாள். வாராவாரம் வந்து கேட்டபோதுதான் அவளுக்குப் பொறி தட்டியது. அம்மாவுக்குத் தீட்டு நின்று பல வருடம் ஆகியிருந்தது.

"ஒங்கம்மாவுக்கு ரத்தம் போகுது சந்திரா," என்று வந்து சொன்னாள். "கேட்டேன். அதெல்லாம் இல்லைன்னு சொல்லிட்டு அழுதுட்டாக."

நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். "அதுக்கு நான் என்ன செய்ய?" என்றேன். அப்படித்தான் வந்தது வாயில்.

இதைப் படிக்கும் உங்களில் யாராவது இப்போது ஆஸ்பத்திரி வராந்தாவில் சோற்றுத் தூக்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். அதனால் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். எனக்கும் அம்மாவுக்கும் ஏழு வருடமாகப் பேச்சு இல்லை.

அம்மாவின் ஊர் திருச்சுழிக்குத் தெற்கே. கொத்தமல்லியும் மிளகாயும் போட்டுவிட்டு மழைக்கு வானத்தைப் பார்க்கிற ஊர். எண்பதுகளின் நடுவில் ஒரு ஐப்பசியில் அய்யா இறந்தார். அப்பாவை நாங்கள் அய்யா என்றுதான் கூப்பிடுவோம். அப்போது எனக்கு ஏழாம் மாதம். அதற்குமுன் இரண்டு கரு தங்காமல் போயிருந்தது. கட்டிலைவிட்டு இறங்கவே கூடாது என்று அருப்புக்கோட்டை டாக்டரம்மா சொல்லியிருந்தார். பிள்ளைத்தாச்சிக்குக் கேதம் (சாவுச் செய்தி) சொல்லக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். பெற்ற தகப்பன் செத்தால் சில வீடுகளில் சொல்வார்கள், சில வீடுகளில் மறைப்பார்கள். அம்மா மறைக்கச் சொன்னாள். என் வீட்டுக்காரர் சாத்தூருக்கு லோடு ஏற்றப் போவதாக என்னிடம் சொல்லிவிட்டு, போய் என் அய்யாவைத் தூக்கிவிட்டு வந்தார்.

கருமாதி முடிந்த பிறகே எனக்குத் தெரிந்தது. வீட்டில் சண்டை போட்டு பஸ் ஏறிப் போனேன். எங்கள் பக்கம் கேத வீட்டுக்கு மகள் வந்தால், தாயும் மகளும் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி சொல்லி அழுவார்கள். அழுது முடித்த பிறகுதான் தண்ணீர் குடிப்பார்கள். நான் கையை நீட்டிக்கொண்டு வாசலுக்குப் போனேன். அம்மா ஓரடி பின்னால் நகர்ந்தாள். "அழுகாத. காரியம் முடிஞ்ச வீடு. வயித்துல இருக்கிறதுக்கு ஆகாது," என்றாள். நான் வந்த பஸ்ஸிலேயே திரும்பினேன். கடைசிவரை அய்யா முகத்தைப் பார்க்கவில்லை, அவருக்காக அழவும் இல்லை.

வீட்டுக்காரரை மன்னித்துவிட்டேன். ஒரே வீட்டில் சோறு பொங்கிப் போட்டுக்கொண்டு எத்தனை நாளைக்கு முறைத்துக்கொண்டே இருப்பது? அம்மாவை மட்டும் மன்னிக்க முடியவில்லை. பிள்ளை நல்லபடியாகப் பிறந்தது, பெண். 'பாத்தயா, நான் செஞ்சதுதான் சரி' என்று அம்மா சொல்லிவிடுவாளோ என்ற பயத்திலேயே அவளைப் பிள்ளை பார்க்க விடவில்லை.

அம்மாவும் வீம்பில் எனக்குக் குறைந்தவள் இல்லை. சந்தைக்கு வருகிற நாளில் ஸ்டெல்லா வீட்டில் உட்கார்ந்து, சுவருக்கு இந்தப் பக்கம் பேத்தி விளையாடுகிற சத்தத்தைக் கேட்டுவிட்டுப் போவாள். மிளகாய் வத்தலும் மல்லியும் வைத்துவிட்டுப் போவாள். ஸ்டெல்லா அதைத் தான் வாங்கியதாகச் சொல்லிக் கொடுப்பாள். நானும் நம்பியதுபோல வாங்கிக்கொள்வேன். அந்தக் கூத்து மூன்று பேருக்கும் தெரியும்.

இந்தத் தடவை ஸ்டெல்லா விடவில்லை. "நாளைக்கு டாக்டரம்மாகிட்ட கூட்டிட்டுப் போறேன்னு சொல்லிருக்கேன். நீ வந்தா வா, வராட்டி போ. ஆனா இவுகளுக்கு மக இல்லையான்னு கேட்டா, இருக்கா, சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கான்னு சொல்லிப்புடுவேன்."

போனேன். டாக்டரம்மா சோதித்துவிட்டு வெளியே வந்து கையைக் கழுவினார். நெடுநேரம் கழுவினார். மதுரைக்கு எழுதிக் கொடுத்தார். மதுரை பஸ்ஸில் ஜன்னலோரம் அம்மா, இந்த ஓரம் நான், நடுவில் ஸ்டெல்லா. "சந்திராவைத் தண்ணி குடிக்கச் சொல்லு" என்று அம்மா ஸ்டெல்லாவிடம் சொன்னாள். "தாகமில்லன்னு சொல்லு" என்று நானும் அவளிடமே சொன்னேன். "ரெண்டு பேருக்கும் நடுவுல நான் என்ன போஸ்ட் ஆபீசா?" என்றாள் ஸ்டெல்லா.

மதுரையில் பயாப்ஸி (சதைத் துணுக்கை வெட்டியெடுத்துச் சோதிப்பது) எடுத்தார்கள். முடிவு வந்த அன்று டாக்டர் என்னையும் அண்ணனையும் மட்டும் அறைக்குள் கூப்பிட்டார். அண்ணன் மல்லாங்கிணறில் உரக்கடை வைத்திருந்தவன். கர்ப்பப்பை வாயில் புற்றுநோய், இரண்டாம் கட்டம் (பக்கத்தில் பரவ ஆரம்பித்திருக்கிறது, தூரத்து உறுப்புகளுக்குப் போகவில்லை) என்று டாக்டர் சொன்னார். அறுவை வேண்டாம், கதிர்வீச்சுக்குக் கேட்கும் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"அம்மாகிட்ட புண்ணுன்னு மட்டும் சொல்லுங்க. தெரிஞ்சா மனசு விட்டுருவாங்க."

அந்தக் காலத்தில் எல்லா டாக்டரும் அப்படித்தான் சொன்னார்கள். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்கள். அண்ணன் தலையை ஆட்டினான். வார்டுக்குப் போய், "சின்னப் புண்ணுதாம்மா, கரண்டு வச்சா ஆறிரும்" என்றான். கதிர்வீச்சை வார்டில் எல்லோரும் கரண்டு வைப்பது என்றுதான் சொன்னார்கள். அந்த வார்டில் படுத்திருந்த அத்தனை பெண்களுக்கும் புண்தான். ஒருவருக்கும் புற்றுநோய் கிடையாது.

குழாயடியில் தட்டு கழுவும்போது ஸ்டெல்லாவிடம் எல்லாம் சொன்னேன். அவள் கையில் இருந்த தட்டைக் கீழே வைத்தாள்.

"எங்கம்மாவுக்கு வயித்துல கட்டி. கடைசி வரைக்கும் அல்சருன்னே சொன்னோம். சபையில வந்து ஜெபம் பண்ணவுககூட அல்சருக்குத்தான் ஜெபம் பண்ணாக. கடைசி வாரம் எங்கம்மா என்னையவே பாத்துக்கிட்டு இருந்துச்சு சந்திரா. நான் ஏதாச்சும் சொல்லுவேன்னு பாத்துச்சு. நான் தலகாணியத் தட்டிப் போட்டேன், பால் வேணுமான்னேன். அதைத் தவிர ஒண்ணும் சொல்லலை."

அவள் அதுவரை அவளுடைய அம்மாவைப் பற்றி என்னிடம் பேசியதே இல்லை. தட்டுகளை அப்படியே போட்டுவிட்டு இரண்டு பேரும் ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டோம்.

மறுநாள் காலையில் அம்மாவுக்குத் தலை சீவிவிட்டேன். ஏழு வருடத்துக்குப் பிறகு அவள் தலையைத் தொடுகிறேன். முடி பாதியாகக் குறைந்திருந்தது. அவள் முகம் தெரியாத நிலையில் சொல்வது எனக்குச் சுலபமாக இருந்தது.

"அம்மா, ஒனக்கு வந்திருக்கிறது புண்ணு இல்ல. புத்துநோய்."

அவள் தலை அசையவில்லை. "ஒங்கண்ணன் புண்ணுன்னான்."

"சொல்ல வேண்டாம்னு சொன்னாக."

"பெறகு நீ ஏன் சொன்ன?"

"சொல்லாம விட்டா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்ல."

அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. கொண்டையைத் தானே முடிந்துகொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள்.

அன்று அவள் சாப்பிடவில்லை. மறுநாளும் சாப்பிடவில்லை. வாயைத் திறக்கவே இல்லை. அண்ணன் வராந்தாவில் வைத்து என்னைப் பிடிபிடி என்று பிடித்தான். "குடிக்கிற கஞ்சியில மண்ணள்ளிப் போட்டுட்டயே. பழிவாங்கிட்ட, அதானே?" உண்மையாகவே பழிதான் வாங்கினேனோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. சாப்பிடாதவளுக்குச் சிகிச்சை ஆரம்பிக்க மாட்டோம் என்று நர்ஸ் வேறு சொல்லிவிட்டுப் போனார். நான் சொன்ன ஒரு சொல்லால் அம்மா செத்துப்போவாள் என்றே நம்பினேன். அப்படிப் பயந்தது என் வாழ்நாளில் வேறெப்போதும் இல்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் அம்மா எழுந்து உட்கார்ந்து, கட்டிலைத் தட்டினாள். போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் என் முகத்தைப் பார்த்துப் பேச ஆரம்பித்தாள்.

"மல்லிக்குக் களை வெட்டிக்கிட்டு இருந்தோம். நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு வரப்புல உக்காந்தாக. தண்ணி கேட்டாக. கொண்டாரதுக்குள்ள போயிட்டாக. ஒன்னைய கேக்கலை, ஒங்கண்ணனையும் கேக்கலை. கேக்க நேரமில்ல. மூஞ்சி கோணலை, நல்லாத்தான் இருந்துச்சு. தீபாவளிக்கு எடுத்த வேட்டியத்தான் கட்டிவிட்டோம். வாய்க்கரிசி போடையில, ஒன் பங்குக்கும் சேத்து நானே ரெண்டாந்தரம் போட்டேன். ஒன் மக போடுறான்னு சொல்லித்தான் போட்டேன்."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அன்னைக்கு ஒன்னையும் வயித்துப் பிள்ளையையும் சேத்துப் பறிகொடுத்துருவனோன்னு இருந்துச்சு. ஒருத்தரத் தூக்கிக் கொடுத்தவளுக்கு வேற என்ன தோணும்? செஞ்சது சரியா தப்பான்னு எனக்கு இன்னைக்கும் தெரியலை. ஆனா நீ வாசல்ல நின்னயே, அன்னைக்கு நான் பின்னால போயிருக்கக் கூடாது."

சொல்லிவிட்டு என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். கேத வீட்டில் கட்டுவார்களே, அப்படியே கட்டி, குரலெடுத்து ஒப்பாரி சொன்னாள். எனக்கும் வந்துவிட்டது. பட்டப்பகலில் மதுரை ஆஸ்பத்திரி வார்டில் இரண்டு பேரும் அய்யாவுக்காக அழுதோம். பக்கத்துக் கட்டில் பெண்களும் எழுந்து வந்து, யாருக்கு என்று கேட்காமலேயே கூடச் சேர்ந்து அழுதார்கள். நர்ஸ் ஓடிவந்தார்.

"யாரும்மா போயிட்டாங்க?"

"எங்க வீட்டுக்காரரு," என்றாள் அம்மா.

"அய்யோ, எப்ப?"

"ஏழு வருசமாச்சு தாயி."

நர்ஸ் எங்களைத் திட்டுவதா, ஆறுதல் சொல்வதா என்று தெரியாமல் நின்றார். அம்மா மூக்கைச் சிந்திவிட்டு, பசிக்கிறது, கருவாட்டுக் குழம்பு கிடைக்குமா என்று கேட்டாள். ஸ்டெல்லா கடை கடையாக அலைந்து வாங்கி வந்தாள்.

கதிர்வீச்சைப் பற்றிப் பயப்படுகிறவர்களுக்கு: வைக்கும்போது வலிக்காது, சுடாது. அடிவயிற்றில் மையால் கோடு போடுவார்கள், அதை அழிக்காமல் குளிக்க வேண்டும். இரண்டாவது வாரத்திலிருந்து வயிற்றுப்போக்கும் குமட்டலும் இருக்கும். எங்களுக்குக் கைகொடுத்தது நீர்மோரும் அரிசிக் கஞ்சியும்தான். தோல் கறுத்து உரியும். பிறகு உள்ளே குழாய் வைத்துக் கொடுக்கும் சிகிச்சை. அதற்கு நோயாளி தனி அறையில் அசையாமல் படுத்திருக்க வேண்டும், யாரும் உள்ளே போகக் கூடாது. நான் கதவுக்கு வெளியே நின்று, பேத்தி ஸ்கூலில் வாங்கிய அடிகளைப் பற்றிக் கத்திக் கத்திச் சொல்லிக்கொண்டிருந்தேன். "யாருடி அந்த டீச்சரு?" என்று உள்ளேயிருந்து அம்மா கோபப்படுவாள்.

ரத்தம் நின்றது. கட்டி கரைந்துவிட்டது என்றார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சோதனைக்கு வரச் சொன்னார்கள்.

ஊருக்குப் போன அம்மா ஒன்றையும் மறைக்கவில்லை. கேட்டவர்களிடமெல்லாம் "எனக்குப் புத்து வந்துச்சு, கரண்டு வச்சுக் கரைச்சாச்சு" என்றாள். வெட்கப்பட்டுக்கொண்டிருந்த இரண்டு பெண்களை அவளே டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனாள். அவளுடைய நாள்கணக்கு மாறிப்போனது. மூன்று மாதத்துக்கு மேல் எதற்கும் வாக்குக் கொடுக்க மாட்டாள். "சித்திரையில கல்யாணமா? மாசியில டாக்டரப் பாத்துட்டுச் சொல்றேன்" என்பாள். தன் வயிற்றை வேறு யாரோ வீட்டுப் பிள்ளையைப்போலப் பார்த்துக்கொண்டாள், அதட்டுவாள், தடவிக்கொடுப்பாள். எனக்கும் அது தொற்றிக்கொண்டது. இன்றும் என் உடம்பில் சின்ன வலி வந்தாலும் ஸ்டெல்லாவிடம் சொல்லிவிடுகிறேன். முன்னே என்றால் மூச்சுவிட்டிருக்க மாட்டேன்.

இரண்டரை வருடம் நன்றாக இருந்தாள். பிறகு ஒரு சோதனைக்குப் போயிருந்தபோது, டாக்டர் ஸ்கேன் படத்தைப் பார்த்துவிட்டு, "பாட்டிம்மா, நீங்க கொஞ்சம் வெளியே உக்காருங்க. மகள்கிட்ட பேசணும்," என்றார்.

அம்மா நாற்காலியை விட்டு அசையவில்லை. "நோவு எனக்கு. எங்கிட்டச் சொல்லுங்க. அவ வெளிய இருக்கட்டும்."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் எழுந்து வெளியே வந்து வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தேன். கதவு சாத்திக்கொண்டது. அந்தக் கதவு திறக்கும்வரை இருந்த நேரத்துக்கு அளவே கிடையாது. என் பிள்ளைக்கு ஒரு வயது கூடிப்போனதுபோல இருந்தது.

அம்மா மெதுவாக வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். சேலையைச் சரி செய்தாள்.

"திரும்ப வந்திருச்சாம் சந்திரா. ஈரல் வரைக்கும் போயிருச்சாம். இனிமே கரண்டு வைக்க முடியாதாம். வலிக்கு மாத்திரை தாரேன்னாரு."

அம்மா என் கையை எடுத்துத் தன் அடிவயிற்றில் வைத்தாள்.

"இங்கதான் ஆரம்பிச்சது. நீ இருந்த எடந்தான்."

முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டேன். அம்மா அதைப் பிடித்து இழுத்துவிட்டாள்.

"அழணும்னா இப்பவே அழு. செத்த பெறகு அழுதா நான் எங்கிட்டுப் பாக்க?"

அழுதேன். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, நான் முடிக்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்தாள்.