பென்சில் தாளைத் தொடும் நொடி

யுத்த காலத்தில் தென்காசியில் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கும் முகாமில் நான் குமாஸ்தா. உயரம், எடை, மார்பளவு எல்லாம் எடுத்த பிறகு மூளையையும் அளக்க வேண்டும் என்று ஒரு நாள் மேலிடத்து உத்தரவு வந்தது. கூடவே ஒரு கையேடு, ஒரு ஸ்டாப் வாட்ச், ஒரு கட்டு அச்சடித்த தாள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் அறிவு இருக்கக்கூடும் என்று உளவியல் படித்த யாரோ கண்டுபிடித்திருந்தார். தாளில் சுற்றுவழிப் படம். இடது வாசலில் பென்சிலை வைத்து, முட்டுச் சந்துகளில் நுழையாமல் வலது வாசலில் வெளியேற வேண்டும். வீட்டில் நான் முயன்றபோது இரண்டு சந்தில் முட்டினேன். அதைக் கோப்பில் சேர்க்கவில்லை.

பக்கத்து ஊரான கடையத்திலிருந்து ஒருவர் வந்தார். குளத்துத் தண்ணீரை வயல்களுக்குப் பங்கிட்டு விடுகிற வேலை. குளம் இரண்டு வருஷமாக வறண்டு கிடந்தது. அடுத்த மாதம் வயது வரம்பைத் தாண்டுகிறார். அன்று தவறினால் அவருக்குப் பட்டாளம் இல்லை.

முதல் தாளில் வலது வாசலிலிருந்து பின்னோக்கிக் கோடு இழுத்தார். கையேட்டின்படி பூஜ்யம். ஏன் அப்படி என்று கேட்டேன்.

"கடைசி வயலுக்குத் தண்ணி எப்படிப் போவுதுன்னு பாத்துட்டுல்லா அண்ணாச்சி மடையத் தொறக்கணும்?"

முறையைத் தவறாகப் புரிந்துகொண்டவருக்கு ஒரு தடவை விளக்கிச் சொல்லி வேறு படம் தரலாம் என்று அதே கையேட்டில் இருந்தது. தந்தேன். இம்முறை பென்சிலை இடது வாசலுக்கு மேலே தொடாமல் பிடித்துக்கொண்டு, வலது ஓரத்திலிருந்து கண்ணாலேயே மெல்ல நடந்து வந்தார். குற்றாலத்தில் குளித்துவிட்டு ஈரத் தலையோடு வந்திருந்த முகாம் அதிகாரி, ஆள் மந்தம், அனுப்பிவிடும் என்றார். கடிகாரம் இன்னும் ஓடவில்லை என்றேன். பென்சில் தாளைத் தொட்ட நொடியிலிருந்துதான் நேரம். கையேட்டில் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டினேன்.

பென்சில் இறங்கியது. ஒரே இழுப்பு. எஸ்.எஸ்.எல்.சி. தேறியவர்கள் உட்பட நான் சோதித்தவர்களில் யாரும் அவ்வளவு சீக்கிரம் முடித்ததில்லை. முன்யோசனையே அறிவு என்று கையேட்டின் முன்னுரை மூன்று பக்கம் வாதாடியிருந்தது. எனக்கு அது அன்றுதான் கண்ணில் பட்டது. அதிகாரி கையெழுத்துப் போட்டார்.

தேர்வாகிவிட்டது என்று சொன்ன பிறகும் கடையத்துக்காரர் தாளை விடவில்லை. ஓரிடத்தில் விரலை வைத்தார்.

"இங்கன கரையை மெலிசாப் போட்டிருக்காவ. ஒரு மழைக்குத் தாங்காது, பாத்துக்கிடுங்க."

'வேறு குறிப்புகள்' என்ற கட்டத்தில் அதையும் எழுதி அனுப்பினேன். மேலிடத்திலிருந்து பதில் வரவில்லை.