முடிவு தெரிந்தவர்களின் பஸ்

எங்கள் ஒழுங்கை வீடுகளில் ஒரு படம் பார்க்கப் போகிறவர்கள் முதலில் அதன் முடிவைக் கேட்டுக்கொள்வார்கள். பிறகுதான் பஸ் ஏறுவார்கள். காதல் படமென்றால் இதில் பெரிய நட்டமில்லை. துப்பறியும் படத்துக்கும் அதையே செய்வதுதான் எனக்குப் பொறுக்காது. கொலை செய்தது யார் என்பதைக் கடைசியில் சொல்வதற்காகவே ஒருவன் இரண்டு மணி நேரம் படம் எடுத்து வைத்திருக்கிறான். இவர்கள் அந்தக் கடைசியை வீட்டு வாசல் படலையிலேயே வாங்கிக்கொண்டு, மிச்சத்தைப் பார்க்க வவுனியாவுக்குப் போவார்கள்.

காரணம் பஸ். ஒட்டுசுட்டான் பக்கம் போகிற கடைசி பஸ் வவுனியாவிலிருந்து ஐந்தரைக்கு வெளிக்கிடும். மதியக் காட்சி முடிகிற நேரமும் கிட்டத்தட்ட அதுதான். நெடுங்கேணி தாண்டினால் காடு, பொழுதுபட்டால் யானை றோட்டுக்கு வரும். அதனால் எங்கள் ஆட்கள் ஐந்து மணி தாண்டியதும் கதிரையை விட்டு எழும்பிவிடுவார்கள். எத்தனையோ கதாநாயகர்களைக் கட்டிப்போட்ட நிலையிலேயே விட்டுவிட்டு வந்தவர்கள் இவர்கள். அதில் ஒருவருக்கும் கவலை இருந்ததில்லை. அவிழ்த்துக்கொண்டு வருவான் என்பது அவர்களுக்கு முதலே தெரியும்.

தெரிவிப்பது பக்கத்து வீட்டு மாமி. மகளை வவுனியாவில் கட்டிக்கொடுத்திருப்பதால் புதுப் படம் வந்தால் அங்கே போய்த் தங்கி முழுவதும் பார்ப்பார். அடுத்த நாள் வந்து, கோயில் பிரசாதம் கொடுப்பதுபோல வீடு வீடாக முடிவைக் கொடுப்பார்.

நான் சொல்ல வரும் துப்பறியும் படத்தின் முதல் பாகம் வந்தபோது நான் பல்கலைக்கழகத்தில் இருந்தேன். தோழிகளோடு தியேட்டர் வாசலில் நிற்கும்போது மாமியிடமிருந்து அழைப்பு வந்தது.

"பிள்ளை, படத்துக்கு நிக்கிறியாம், கொம்மா சொன்னவா. அந்த டொக்டர்தான் கொலை செய்தது. பயப்பிடாமல் பார்."

இரண்டரை மணி நேரம் அந்த டொக்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் தேத்தண்ணீர் குடித்ததைக்கூட என்னால் நிம்மதியாகப் பார்க்க முடியவில்லை. பக்கத்தில் இருந்த தோழிகள் கடைசியில் வாயைப் பிளந்தபோது, அந்தத் தியேட்டரில் வாயை மூடிக்கொண்டு இருந்தவள் நான் ஒருத்திதான்.

ஆகவே இரண்டாம் பாகம் வருகிறது என்றதும் ஒரு முடிவு எடுத்தேன். இதை நானே கண்டுபிடிப்பேன். ஒருவரும் சொல்லாமல், என் தலையால், என் கண்ணால். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை ஒழுங்காக முடித்தவள் நான்தான் முதலாவது. அம்மா தன் பெயரை எழுதுவது நான் பழக்கியது. ஒழுங்கையில் யாருக்கு என்ன படிவம் வந்தாலும் எங்கள் வீட்டு விறாந்தைக்குத்தான் வரும். ஒரு கொலைகாரனைக் கண்டுபிடிக்கத் தெரியாவிட்டால் இவ்வளவு படித்தது எதற்கு?

படம் வியாழக்கிழமை வந்தது. எனக்கு ஞாயிற்றுக்கிழமைதான் ஓய்வு. இடையில் இருந்த நாட்களில் சனங்கள் எழுதியதைப் பார்த்து எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் மாறி மாறி வந்தன. முகநூலில் ஒருவர், "கொலைகாரன் யாரென்று நான் சொல்ல மாட்டேன், ஆனால் பெண்களை அவ்வளவு லேசாக நினைத்துவிடாதீர்கள்" என்று எழுதியிருந்தார். இதைவிடச் சொல்லிவிட்டே போயிருக்கலாம். இன்னொருவர் முதல் இருபது நிமிடத்திலேயே கண்டுபிடித்துவிட்டாராம். இப்படிக் கண்டுபிடித்தவர்கள் எல்லோரும் படம் முடிந்த பிறகுதான் அதை எழுதுகிறார்கள். முதல் பாகம்போல இல்லை என்று அழுதவர்களும் இருந்தார்கள். முதல் பாகம் வந்தபோது அது இழுவை என்று எழுதியவர்களும் அவர்களேதான். போனை அணைத்து அலுமாரிக்குள் வைத்தேன்.

வெள்ளிக்கிழமை சீனி வாங்கச் சந்திக் கடைக்குப் போனேன். கடை வைத்திருக்கும் முஸ்லிம் அண்ணன், எங்களுக்கு நானா, சாமான் எடுக்க வவுனியாவுக்குப் போன இடத்தில் படத்தையும் பார்த்துவிட்டு வந்திருந்தார். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"தங்கச்சி, படம் பாத்தாச்சோ?"

"இல்ல நானா. நீங்கள் ஒண்டும் சொல்லக்கூடாது."

"நான் என்னத்துக்குச் சொல்லுறன்? படமும் ஒரு படமோ. துப்பறியிறவன் ஒரு அடி அடிக்கேல்ல. கதிரையில இருந்து யோசிச்சுக்கொண்டே இருக்கிறான். யோசிக்கிறதைப் பாக்கக் காசு குடுக்கவோ? அது நான் கல்லாவில இருந்தே செய்யிறன்."

"அதுதான் நானா துப்பறியிறது."

"கலியாணமும் செய்யேல்ல இன்னும். போன பாகத்தில அந்தப் பிள்ளையோட நல்லாத்தானே கதைச்சவன்."

கொலை நடந்த வீட்டுக்குள் போய், இவர் துப்பறிகிறவனுக்குப் பெண் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்.

சனி காலையில் மாமி வவுனியாவிலிருந்து வந்து இறங்கினார். நான் படலையிலேயே மறித்தேன்.

"மாமி, எங்கட வீட்டுக்கு வாங்கோ, இருங்கோ, தேத்தண்ணி குடியுங்கோ. ஆனால் எனக்கு முன்னால அந்தப் படத்தைப் பற்றி வாய் திறந்தால், இனி உங்கட உர மானியப் படிவம் ஒண்டும் நான் நிரப்பித் தரமாட்டன்."

மாமி என்னை மேலும் கீழும் பார்த்தார். "என்ன பிள்ளை, ஒரு படத்துக்குப் போய். தெரிஞ்சுகொண்டு போனால் நெஞ்சிடி இல்லாமல் பாக்கலாமெல்லோ."

"எனக்கு நெஞ்சிடி வேணும்."

"படிக்கப் படிக்க ஒரு மாதிரித்தான் வருது," என்று அம்மாவிடம் சொன்னார். ஆனாலும் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தார். குசினிக்குள் போய் அடுப்படியில் அம்மாவோடு குசுகுசுவென்று கதைத்தது எனக்குக் கேட்டது. நான் கிணற்றடிக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது அம்மாவின் முகத்தில் ஒரு புதுப் பெருமை இருந்தது.

"எனக்குத் தெரியும்," என்றார் அம்மா. "உனக்குச் சொல்லமாட்டன். பயப்பிடாதை."

அம்மா அந்தப் படத்துக்குப் போகப்போவதில்லை. அவருக்கு முடிவு மட்டும் போதும்.

ஞாயிறு வெளிக்கிடும்போது மாமியும் ஒழுங்கைப் பெண்கள் நால்வரும் அதே பஸ்ஸுக்கு நின்றார்கள். மாமிக்கு இது இரண்டாம் முறை. "இப்பதான் விளங்கும்," என்றார். நான் கணக்குப் போட்டுத்தான் போனேன். காட்சி இரண்டரைக்கு. படம் இரண்டே கால் மணி நேரம். இடைவேளை பத்து நிமிடம். ஐந்துக்கு முதல் முடிந்துவிடும். நேரத்தைக் கணக்குப் பார்க்கத் தெரியாமல் தலைமுறை தலைமுறையாக எழும்பி வந்தவர்கள் என்று அவர்களை நினைத்துக்கொண்டேன்.

தியேட்டரில் அவர்களிலிருந்து நாலு வரிசை முன்னால் தனியாக இருந்தேன். திரையில் யார் வரும்போது அவர்கள் பெருமூச்சு விடுகிறார்கள் என்பதில்கூட எனக்குத் துப்புக் கிடைத்துவிடக்கூடாது. என் கணக்கைத் தியேட்டர்காரர் கணக்கில் எடுக்கவில்லை. சனம் நிரம்பட்டும் என்று மூன்று மணி தாண்டித்தான் தொடங்கினார்கள். நகைக்கடை, புடைவைக்கடை, மறுபடி நகைக்கடை என்று விளம்பரங்கள். இடைவேளையில் ரோல்ஸ் விற்று முடியும்வரை வெளிச்சம் அணையவில்லை.

படம் நன்றாகத்தான் இருந்தது. மலையில் ஒரு பெரிய வீடு, பத்துப் பேர், நிற்காத மழை. கூச்சல் போடுகிற தம்பியைத்தான் தியேட்டரே சந்தேகப்பட்டது. எனக்குப் பின்னால் ஒருவர், "இவன்தான், கண்ணைப் பார்," என்று ஒவ்வொருவருக்கும் சொன்னார். பத்துப் பேரையும் அப்படிச் சொல்லி முடித்தார், துப்பறிகிறவர் உட்பட. நான் ஒரே ஒரு விடயத்தைக் கண்டேன். எல்லோருடைய குடையிலிருந்தும் தண்ணீர் வடிந்தபோது மூத்த மருமகளின் குடை மட்டும் காய்ந்திருந்தது. அந்தக் கணத்திலிருந்து எனக்குச் சந்தேகமே இல்லை. இனி அதை அந்தத் துப்பறிகிறவர் தன் வாயால் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

அவர் எல்லோரையும் ஒரு அறைக்குள் கூப்பிட்டு, கதவைச் சாத்தி, "கொலைகாரர் இங்கேதான் இருக்கிறார்" என்று சொன்னபோது பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. எங்கள் ஆட்கள் எழும்பிவிட்டார்கள். சாமி கும்பிட்டு முடிந்தவர்கள்போல அவ்வளவு அமைதி. மாமி என் வரிசைக்கு வந்து தோளில் தட்டினார்.

"பிள்ளை, பஸ்."

"அஞ்சு நிமிசம் மாமி."

"அஞ்சு நிமிசமோ? அவன் ஒவ்வொருத்தராய்க் கேப்பான். பத்துப் பேர் இருக்கினம். சமையல்காரன்ர கதையே ஏழு நிமிசம்."

"இன்னும் எவ்வளவு கிடக்கு?"

"இருபது."

மணி ஐந்தே கால். தியேட்டரிலிருந்து பஸ் நிலையத்துக்கு ஓடினாலும் பத்து நிமிடம். வவுனியாவில் எனக்கு மகளும் இல்லை, மருமகனும் இல்லை. நான் எழும்பினேன். திரையைப் பார்த்தபடியே பின்பக்கமாக நடந்தேன். ஒரு ஆளின் காலை மிதித்து ஏச்சும் வாங்கினேன். வாசல் சீலை என் முகத்தில் விழுவதற்கு முன் கடைசியாகக் கண்டது, துப்பறிகிறவர் அந்தக் குடையைக் கையில் எடுத்ததுதான். எடுத்து விரித்தாரா, யாரிடம் நீட்டினார், எதுவும் தெரியாது.

பஸ்ஸில் எனக்கு யன்னல் பக்கம் இடம் கிடைத்தது. புளியங்குளம் வரை ஒருவரும் அந்தப் படத்தை விட்டு வேறு கதை கதைக்கவில்லை. வீடு வடிவு, மருமகளின் சீலை வடிவு, முதல் பாகத்தில் பாட்டாவது ஒன்று இருந்தது. ஒருத்தி, "என்ன இருந்தாலும் அப்பிடி ஒரு முகத்தை வைச்சுக்கொண்டு..." என்று தொடங்கினாள்.

"உஷ்," என்றார் மாமி. "பிள்ளை இருக்குது."

பஸ்ஸின் அந்தப் பகுதி முழுவதும் வாயை மூடிக்கொண்டது. மரியாதையாக என்னைப் பார்த்தார்கள். முடிவு தெரியாத ஒருத்தியை அந்த பஸ் அதற்கு முன் ஏற்றியிருக்காது.

நான் கேட்கவில்லை. கேட்பதற்கும் சொல்வதற்கும் இடையில் ஒரு வழி இருக்கிறது, அதை முயன்றேன்.

"எனக்குத் தெரியும்தானே மாமி. குடையைப் பாத்த உடனேயே விளங்கிட்டுது. மூத்த மருமகள்."

மாமியின் முகத்தில் ஒரு நரம்பும் அசையவில்லை. எங்கள் ஒழுங்கையில் ஒரு பிறந்தநாளைக்கூட இரகசியமாக வைத்திருக்கத் தெரியாத மனுசி.

"தெரிஞ்சால் நல்லது, பிள்ளை."

"சரிதானே?"

"நான் ஒண்டும் சொல்லமாட்டன். சத்தியம் சத்தியம்தான். உரப் படிவம் அடுத்த கிழமை குடுக்கவேணும்."

அடுத்த ஞாயிறு அந்தத் தியேட்டரில் வேறு படம் போட்டுவிட்டார்கள். போனில் நாலு எழுத்தைத் தட்டினால் தெரிந்துவிடும் என்பது எனக்குத் தெரியாததல்ல. தட்டவில்லை. முகம் தெரியாத ஒருவன் சொல்லித் தெரிவதென்றால் மாமி சொல்வதில் என்ன குறை? மாமியின் படிவத்தை நிரப்பிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, ஒரு சொல் சொல்லாமல் போனார். கடை நானா மட்டும் கேட்டார், "எப்பிடித் தங்கச்சி முடிவு?" நல்லம் என்றேன். "எனக்குப் பிடிக்கேல்ல," என்றார். எதற்காகப் பிடிக்கவில்லை என்று கேட்க வாய்வரை வந்தது. சீனியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

போன கிழமை பூநகரியிலிருந்து பெரியம்மா வந்திருந்தார். நான் கிணற்றடியில் தண்ணீர் மோட்டரைப் போட்டு உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தேன். குசினி யன்னலுக்குள்ளால், மோட்டர் இரைச்சலையும் தாண்டி, அம்மாவின் குரல் வந்தது. தான் பார்க்காத படத்தை, பெரியம்மாவுக்கு, பார்த்தவர்களைவிட வடிவாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மலை, மழை, பத்துப் பேர். சமையல்காரனின் கதையையும் விடவில்லை. அறைக்குள் எல்லோரையும் கூப்பிட்ட இடம் வந்தது. குடை வந்தது.

நான் எழும்பி மோட்டரை நிற்பாட்டினேன்.

குசினியிலும் சத்தம் நின்றது. அம்மா யன்னலால் எட்டி என்னைப் பார்த்துவிட்டு, உள்ளே திரும்பினார்.

"மெல்லக் கதைப்பம் அக்கா," என்றார். "அவளுக்குக் கேக்கக்கூடாதாம்."