ஞானஸ்நான வயது

மரியசெல்விக்கு வயது இரண்டு விதம். ஆதாரில் அறுபத்தெட்டு. வத்தலக்குண்டுப் பக்கம் அவள் பிறந்த ஊர்ப் பங்குக் கோயிலின் ஞானஸ்நானப் பதிவேட்டில் எழுபத்தொன்று.

எட்டை நெருங்கிய பெண்ணை ஐந்து என்று சொல்லிப் பள்ளியில் சேர்த்தவர் அப்பா. தலைமையாசிரியர் நம்பவில்லை. ஆனாலும் ஜூன் ஒன்று என்று ஒரு பிறந்தநாளைப் போட்டுக்கொடுத்தார். அந்த ஊரில் பாதிப் பேர் அன்றுதான் பிறந்திருந்தார்கள்.

மாப்பிள்ளை வீட்டாருக்குக் காட்டியது பள்ளிச் சான்றிதழை. அதன்படி மிக்கேல்ராஜ் அவளைவிட ஒரு வயது மூத்தவர். நிஜத்தில் அவள்தான் ஒன்றரை வயது மூத்தவள். திண்டுக்கல் அச்சகம் ஒன்றில் பிழை திருத்துபவராக இருந்த மிக்கேல்ராஜ், வீட்டில் எந்தச் சண்டையையும் ஒரே வரியில் முடிப்பார். "மூத்தவன் சொன்னா கேக்கணும்." அவள் உள்ளே போய்ச் சிரித்துக்கொள்வாள். சில நாள் பாத்திரத்தை உருட்டுவாள்.

முப்பது வருடம் சத்துணவுக்கூடத்தில் சோறு வடித்தவள். ஓய்வு பெற்ற பிறகு தூக்குவதற்கு ஒன்றுமில்லாமல் தோள் வலித்தது. லேத் பட்டறையில் மூன்று கிலோவுக்கு ஓர் இரும்புக் குண்டு கடைந்து வாங்கி, வீட்டுக்குப் பின்னால் காலி மனையில் தினமும் காலையில் எறிந்தாள். வலி போய்விட்டது. குண்டு அரிசி டின்னில் இருக்கும்.

ரவிக்கைக்கு அளவெடுத்த சர்புன்னிசா, புஜத்தில் டேப்பை இரண்டு தடவை வைத்துப் பார்த்தாள்.

"கையைக் கொஞ்சம் தளர்த்தி வைக்கவாக்கா?"

"டைட்டா வையி. தெரியட்டும்."

நரைக்குச் சாயம் பூசியதில்லை. புஜத்தை மறைத்ததில்லை. வயதைப் பற்றி மட்டும் வாய் திறந்ததில்லை.

மாவட்ட மூத்தோர் குண்டு எறிதல் போட்டியில் அறுபத்தைந்து வயதுக்கு மேற்பட்டோர் பிரிவில் இரண்டு வருடமாக மூன்றாவது இடம். முதல் இரண்டு பேருக்குத்தான் திருச்சியில் மாநிலப் போட்டி. முதலாவதாக வருபவர் ஓய்வுபெற்ற போலீஸ்காரம்மா. அதில் வருத்தமில்லை. இரண்டாவதாக வரும் ஒட்டன்சத்திரத்து மகேஸ்வரிதான் உறுத்தல். அறுபத்தேழு வயது. ஒவ்வொரு முறையும் தோளைத் தட்டிச் சொல்வாள்: "அடுத்த வருசம் பாத்துக்கலாமுங்க்கா."

எழுபதுக்கு மேற்பட்டோர் பிரிவில் ஒரே ஒருத்தர்தான். குஜிலியம்பாறையிலிருந்து வரும் பேச்சாயி. ஒரு கையில் மூக்குக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு மறுகையால் எறிவார். அந்தப் பிரிவுக்குப் போனால் குண்டைக் காலடியில் போட்டாலும் திருச்சி உறுதி. அதற்கு எழுபத்தொன்று என்று எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதினால் வீட்டில் தெரிந்துவிடும்.

"பல்லக் காட்டிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டு வத்தலக்குண்டு பஸ் ஏறினாள். மாலையில் ஞானஸ்நானச் சான்றிதழோடும் எல்லாப் பற்களோடும் திரும்பினாள். மிக்கேல்ராஜ் செய்தித்தாளில் சிவப்புப் பேனாவால் பிழை திருத்திக்கொண்டிருந்தார். ஓய்வு பெற்றும் விடாத பழக்கம்.

"எத்தன பல்லு புடுங்குனாங்க?"

"பல்லு புடுங்கல. ஒண்ணு சொல்லணும். கோவப்படக் கூடாது."

தாளை நீட்டினாள். அவர் மேலிருந்து கீழ்வரை படித்தார்.

"சீல் சரியா விழலையே."

"அம்புட்டுத்தானா? நான் உங்களுக்கு மூத்தவ."

"தெரியும்."

"எப்பருந்து?"

"கல்யாணத்தன்னைக்கே. கோயில் புத்தகத்துல கையெழுத்துப் போட்டோம்ல? பொண்ணுக்கு இருபத்துநாலு, மாப்பிள்ளைக்கு இருபத்துமூணுன்னு எழுதியிருந்துச்சு. படிக்காம நான் எதுலயும் கையெழுத்துப் போட மாட்டேன். நீ படிக்கலையா?"

அவள் படிக்கவில்லை. அன்றைக்குத் தலையைக் குனிந்து முந்தானைக் கரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கோபம் அவளுக்குத்தான் வந்தது. "அப்ப நாப்பத்தாறு வருசமா மூத்தவன் மூத்தவன்னு சொன்னது?"

"நீ மறுக்கலையே."

அன்று அவருக்குச் சோறும் ரசமும் மட்டும். வெஞ்சனம் இல்லை.

போட்டி நாளன்று மைதானத்தில் பெயர் பதிகிறவர் சான்றிதழைத் திருப்பிக் கொடுத்தார்.

"ஆதார் வயசுதாம்மா செல்லும்."

"ஆதாரு பொய் சொல்லுது தம்பி. இது கோயில்ல குடுத்தது."

"சாமியே வந்து சொன்னாலும் ஆதார்தாம்மா."

பழைய பிரிவுக்கே வந்து நின்றாள். மகேஸ்வரி கையில் சாக்பீஸ் பொடியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"அங்க என்னங்க்கா தகராறு?"

"எனக்கு எழுபத்தொண்ணு. எழுபதுல சேத்துக்கங்கன்னேன், மாட்டேங்குறாங்க."

சத்தமாகத்தான் சொன்னாள். நாலைந்து பேர் திரும்பிப் பார்த்துவிட்டு அவரவர் வேலையைப் பார்த்தார்கள். வேறொன்றும் நடக்கவில்லை. இவ்வளவு சின்ன விஷயத்தையா இத்தனை வருடம் அரிசிக்குள் குண்டு மாதிரி புதைத்து வைத்திருந்தோம் என்று இருந்தது.

மகேஸ்வரியின் கை நின்றுவிட்டது. "எழுபத்தொண்ணுங்களா? நெசமாவேங்களா?"

"ஒனக்கு நாலு வருசம் மூத்தவ. நீ எறி."

மூன்று வாய்ப்பு. மகேஸ்வரியின் முதல் வீச்சு ஐந்து மீட்டர் அறுபது. அடுத்தது கோட்டை மிதித்துவிட்டாள். எறிவதற்குப் பதிலாக மரியசெல்வியின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாவதும் கோட்டின் மேல்தான் கால். வெளியே மிக்கேல்ராஜ் வேறு, மனைவி வட்டத்துக்குள் போகும்போதெல்லாம் "எழுபத்தொண்ணு! எழுபத்தொண்ணு!" என்று ஏலம் விடுகிறவர் மாதிரி கத்தினார். வெஞ்சனம் இல்லாமல் ஒரு வாரம் ஆகியிருந்தது.

மரியசெல்வி கடைசி வீச்சுக்குக் குண்டைக் கழுத்தோரம் வைத்தாள். சோற்று அண்டாவை இறக்கும்போது வருமே, அந்த முனகல் வந்தது. ஐந்து அறுபத்துநாலு.

போலீஸ்காரம்மா முதலிடம். மரியசெல்வி இரண்டாவது.

மகேஸ்வரியின் தோளைத் தட்டினாள். "அடுத்த வருசம் பாத்துக்கலாம் கண்ணு."

மிக்கேல்ராஜ் பரிசுச் சான்றிதழை வாங்கி முதலிலிருந்து படித்துக்கொண்டிருந்தார். "வயசு அறுபத்தெட்டுன்னு போட்டிருக்கு" என்றார். அவர் சட்டைப்பையிலிருந்த சிவப்புப் பேனாவை உருவி, அதை அடித்து மேலே 71 என்று எழுதினாள் மரியசெல்வி. குண்டு இருந்த பையைத் தரையில் வைத்தாள். நாற்பத்தாறு வருடமாக அவரை 'என்னங்க' என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள்.

"ஏலே மிக்கேலு, பையத் தூக்கு."

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். மகேஸ்வரிக்குக் கேட்டுவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்ன பாக்குற? மூத்தவ சொன்னா கேக்கணும்."

இரண்டு கையாலும் பையைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னால் நடந்தார்.